ஹைட்ராலிக் லிஃப்டர் சத்தம்: பழைய கார் எஞ்சினை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஹைட்ராலிக் லிஃப்டர் என்பது கேம்ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் இடையில் நின்று, உள்ளே இருக்கும் ஆயிலால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் சிறு உருளை. கோலாலம்பூரில் என் வீட்டுப் போர்ச்சில் நிற்கும் 1969-ஆம் ஆண்டு ஹோல்டன் கிங்ஸ்வுட்டிலும், செந்தூல், செகாம்புட், கெப்போங் பக்கம் இருக்கும் நண்பர்களின் பழைய கார்களிலும் இந்த ‘டக் டக்’ சத்தத்தைப் பலமுறை தேடிப் பிடித்திருக்கிறேன். சத்தத்தோடு வரும் கார்களில் பெரும்பாலானவற்றின் ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) நட்டுகளை அதற்கு முன்பே யாரோ இறுக்கியிருப்பார்கள். இறுக்கியவுடன் சத்தம் குறைந்திருக்கும். சில மாதங்கள் கழித்து எக்ஸாஸ்ட் வால்வு கருகி, ஒரு சிலிண்டர் வேலை செய்யாத நிலையில் கார் மறுபடியும் வந்து நிற்கும். அதனால் இந்த வழிமுறையில் நட்டைத் தொடும் வேலை பின்னால்தான் வருகிறது.

## தொடங்கும் முன்: உங்கள் எஞ்சினுக்கு இது பொருந்துமா?

நம் ஊரில் ஓடும் பழைய கார்களில் பல ஹைட்ராலிக் லிஃப்டர் கொண்டவை அல்ல. மோரிஸ் மைனர், வோக்ஸ்வேகன் பீட்டில் போன்றவற்றில் இருப்பது இடைவெளி விட்டு வைக்கும் சாதாரண டாப்பெட். மோரிஸ் மைனருக்கு 0.30 மி.மீ., பிந்தைய பீட்டில்களுக்கு எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அமைக்க வேண்டும். அவற்றில் மெல்லிய டாப்பெட் சத்தம் கேட்பது இயல்பு; கீழே சொல்லும் முறையை அங்கே செய்தால் வால்வு மூடாமல் போய்விடும்.

ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள எஞ்சின்களிலும் இரண்டு வகை உண்டு. 1963-இல் இஎச் மாடலில் வந்த ஹோல்டனின் சிவப்பு ஆறு சிலிண்டர் எஞ்சினிலும், 1955-இல் அறிமுகமான செவர்லே சிறிய வி-8 எஞ்சினிலும் ஒவ்வொரு ராக்கருக்கும் தனி நட்டு உண்டு. அதைத் திருப்பி அமைக்கலாம். மெர்சிடிஸ் எம்103 போன்றவற்றில் ஹைட்ராலிக் பகுதி ராக்கருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே திருப்புவதற்கு நட்டே இல்லை, சுத்தம் செய்யலாம் அல்லது மாற்றலாம், அவ்வளவுதான். ராக்கர் கவரைத் திறந்து பார்த்து உங்களுடையது எது என்று உறுதி செய்துகொண்டு மேலே படியுங்கள்.

## முதல் சோதனை: இது வால்வுப் பக்கத்துச் சத்தமா?

வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. 600 ஆர்பிஎம் ஐடிலில் ஒரு லிஃப்டர் நொடிக்கு 5 முறை தட்டும். கனெக்டிங் ராடு பேரிங் போயிருந்தால் நொடிக்கு 10 முறை தட்டும். காதால் எண்ணுவது கடினம் என்பதால் டைமிங் லைட்டை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டுங்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு தட்டு என்றால் சத்தம் கேம் வேகத்தில் வருகிறது. ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டு என்றால் அது கிராங்க் வேகம்; அப்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். கனமான, அடியிலிருந்து எழும் அந்தச் சத்தம், பிளக் வயரைக் கழற்றிய சிலிண்டரில் மட்டும் குறைந்தால், காரை இழுவை வண்டியில் ஏற்றி ஃபோர்மனிடம் (மெக்கானிக்) அனுப்ப வேண்டியதுதான். ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

கேம் வேகத்தில் வரும் சத்தம் எல்லாமே லிஃப்டர் அல்ல. கேம்ஷாஃப்டால் இயங்கும் பெட்ரோல் பம்பும் அதே தாளத்தில் தட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் சிறு கசிவு இருந்தாலும் அதே தாளந்தான். ஆனால் எஞ்சின் சூடாகி இரும்பு விரிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும், பாரம் கொடுக்கும்போது கூடும். ஒரு நண்பரின் காரில் பன்னிரண்டு லிஃப்டரையும் ஒரு பட்டறையில் மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தது. மேனிஃபோல்டின் ஓரத்தில் விரல் நகம் அகலத்துக்குக் கரி படிந்திருந்ததைப் பார்த்து கேஸ்கட்டை மாற்றினோம். அன்றே சத்தம் நின்றது. முதலில் பார்க்கச் செலவே இல்லாத இடம் அது.

தேடுவதற்கு நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். முனையை ராக்கர் கவரின் போல்ட், பெட்ரோல் பம்ப், மேனிஃபோல்ட், டைமிங் கவர் என ஒவ்வொன்றின் மேலும் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். ஃபேன் அருகில் தலைமுடியும் சட்டையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்ட் கசிவுக்கு ஸ்க்ரூடிரைவரைவிட ஒரு முழ ரப்பர் குழாய் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். சிவப்பு ஹோல்டன் எஞ்சினில் டைமிங் கவரில் சத்தம் பலமாகக் கேட்டால், அங்கே இருக்கும் ஃபைபர் பற்சக்கரத்தைச் சந்தேகியுங்கள். அது லிஃப்டர் வேலை அல்ல.

## அறிகுறி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் தட்டிவிட்டு அடங்குகிறது

எஞ்சின் நிற்கும்போது ஏதோ ஒரு சில வால்வுகள் திறந்த நிலையில் நின்றுவிடும். அந்த வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் லிஃப்டருக்குள் இருக்கும் ஆயில் மெல்ல வெளியேறிவிடும். ஐந்து பத்து நொடிகளில் அடங்கும் சத்தத்தைப் பழுது என்று கருத வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்துமலை வரை போய்வரும் காரில் இது எப்போதும் இருக்கும்.

அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் தடுப்பு நல்ல ஃபில்டருக்குள் இருக்கும். மலிவானவற்றில் அது விரைவில் விறைத்துப்போகும், சிலவற்றில் இருப்பதேயில்லை. ஃபில்டரை மாற்றிய மறுநாள் காலையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். அதற்கு அடுத்தது ஆயிலின் கனம். நம் ஊரில் விடியற்காலையிலும் குளிர் என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால், குளிர் நாட்டுக்குச் செய்த மெல்லிய ஆயில் இந்த எஞ்சின்களுக்குத் தேவையில்லை. நான் 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான் ஊற்றுகிறேன்.

## அறிகுறி: ஒரே இடத்திலிருந்து, சூடானாலும் குளிர்ந்தாலும் விடாமல் தட்டுகிறது

பெரும்பாலானோர் இந்த அறிகுறியோடுதான் வருகிறார்கள்.

முதலில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, ராக்கர் கவரைக் கழற்றி, ஐடிலில் ஓடவிடுங்கள். 0.1 அல்லது 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் தகட்டை ஒவ்வொரு ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையில் நுழைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் நுழைத்ததும் சத்தம் மாறுகிறதோ அல்லது நிற்கிறதோ அதுதான் உங்கள் வால்வு. தகடு எளிதாக நுழைகிறது என்பதே அங்கே இருக்கக்கூடாத இடைவெளி இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆயில் தெறித்துச் சூடான மேனிஃபோல்டின் மேல் விழுந்தால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். துணியைப் பரப்பிவிட்டு, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். பழைய ராக்கர் கவர் ஒன்று பொட்டுக்கடையில் (பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடை) கிடைத்தால் அதன் மேல்தட்டை அறுத்தெடுத்து, பக்கச் சுவரை மட்டும் மாட்டிக்கொண்டு வேலை செய்யலாம். என்னிடம் அப்படி ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது.

காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து பார்ப்போம்.

அழுக்கு. ராக்கர் கவரின் உட்புறத்தைப் பாருங்கள். தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நுரை நிறத்தில் படிவம் இருந்தால், குறுகிய தூரமே ஓடி எஞ்சின் முழுதாகச் சூடாகாததால் ஆயிலில் நீர் சேர்ந்திருக்கிறது. கறுப்பாக, விரலால் வழித்தால் திரளும்படி இருந்தால், ஆயில் மாற்றுவதைப் பல காலம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். இரண்டு நிலைக்கும் நான் செய்வது ஒன்றுதான்: சுத்திகரிக்கும் தன்மை அதிகம் உள்ள 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை ஊற்றி, 500 கி.மீ. ஓட்டி ஃபில்டரோடு மாற்றி, மறுபடியும் 1,500 கி.மீ.யில் மாற்றுவது. வேகமாகக் கழுவும் திரவங்களை நான் பயன்படுத்துவதில்லை. மொத்தமாகப் பெயரும் கசடு ஆயில் பம்பின் வலையை அடைத்துவிட்டால், லிஃப்டரைக் காப்பாற்றப் போய் பேரிங்கை இழப்போம்.

அமைப்புத் தளர்ந்திருப்பது. ராக்கர் நட்டு தானாகவே இறுகிப் பிடித்து நிற்கும் வகையைச் சேர்ந்தது. ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே திருப்ப முடிந்தால் அது தேய்ந்துவிட்டது. புதியது போடாமல் அமைத்துப் பயனில்லை. அமைக்கும் முறையைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

புஷ்ராடும் ராக்கரும். ராக்கரைக் கழற்றி, லிஃப்டரின் அசைவை அதற்குக் கொண்டுசெல்லும் கம்பியான புஷ்ராடை உருவி, தட்டையான கண்ணாடியின் மேல் உருட்டுங்கள். வளைந்திருந்தால் நடுவில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரியும். இரு முனைகளையும் நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் தேய்மானம். ராக்கர் அமரும் கிண்ணமும் அதன் பந்தும் நீலம் பாய்ந்திருந்தால், அங்கே ஆயில் ஏறவில்லை. புஷ்ராடின் துளையில் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பைப் பாருங்கள்.

லிஃப்டரே பழுதாகியிருப்பது. ஹோல்டனின் 186 கன அங்குல சிவப்பு எஞ்சினில் பிளாக்கின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், சிலிண்டர் ஹெட்டைத் தூக்காமலேயே லிஃப்டர்களை எடுத்துவிடலாம். செவர்லே வி-8 என்றால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். எடுக்கும்போது ஒவ்வொன்றும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதைக் குறித்துக்கொள்வது கட்டாயம். முட்டை அட்டையில் எண் எழுதி வரிசையாக வைக்கிறேன். ஏற்கெனவே ஓடிய லிஃப்டர், தான் ஓடிய கேம் முனையின் (கேம்ஷாஃப்டில் லிஃப்டரைத் தூக்கும் மேடு) மேல் மட்டுமே மறுபடியும் அமரலாம்.

மேலே உள்ள வளையத்தை எடுத்தால் புஷ்ராடு அமரும் கிண்ணம், உள்ளே ஏறி இறங்கும் பிளஞ்சர், அடைப்பான், ஸ்பிரிங் ஆகியவை வெளியே வரும். ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் உடம்பில் போடக் கூடாது. அவை ஜோடியாகக் கடைந்தவை. மண்ணெண்ணெயில் கழுவி, பழுப்பு நிறப் படலம் போகத் துணியால் துடைத்து, புதிய ஆயிலில் மூழ்கவைத்தபடி பூட்டுங்கள். உள்ளே காற்று போன பிறகு புஷ்ராடால் அழுத்தினால் கல்லைப் போல் நிற்க வேண்டும். சற்று அழுத்தியதும் இறங்கினால் அந்த லிஃப்டரைத் தூக்கிப்போடலாம்.

லிஃப்டரின் அடிப்பக்கத்தை இப்போதே பார்த்துவிடுங்கள். இரும்பு அளவுகோலின் ஓரத்தை அதன் மேல் நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், நல்ல லிஃப்டரில் நடு சற்று உயர்ந்து, இரு ஓரமும் மயிரிழை வெளிச்சம் காட்டும். அந்தச் சிறு உயர்வால்தான் லிஃப்டர் துளைக்குள் சுழன்றுகொண்டே ஓடுகிறது. வெளிச்சம் நடுவில் தெரிந்தால் அடி குழிந்துவிட்டது. அப்படியானால் கேம்ஷாஃப்டும் தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, கடைசி அறிகுறிக்குச் செல்லுங்கள்.

## அறிகுறி: குளிரில் அமைதி, சூடானதும் தட்டத் தொடங்குகிறது

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு சத்தம் வருகிறது என்றால், ஆயில் இளகி அழுத்தம் குறைந்துவிட்டது. ஆயில் அளவையும் கனத்தையும் சரிபார்த்த பிறகு, ஆயில் எச்சரிக்கை விளக்கை நம்பாதீர்கள். அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் அது எரியும். விளக்கின் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் ஊசிமுள் கேஜைத் திருகி, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்பது பழைய எஞ்சின்களுக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. அது இருந்தும் ஒன்றிரண்டு மட்டும் தட்டினால் அந்த லிஃப்டர்கள் உள்ளே தேய்ந்து ஆயிலை விட்டுவிடுகின்றன. எல்லாமே தட்டி, கேஜும் தாழ்ந்திருந்தால் ஆயில் பம்ப் அல்லது பேரிங்குகள். இது ஃபோர்மனின் வேலை, லிஃப்டர் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

## அறிகுறி: வேகம் கூடும்போது எல்லா லிஃப்டரும் சேர்ந்து சலசலக்கிறது

ஆயிலில் காற்று கலந்துவிட்டது. காரைச் சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, அளவுக்கம்பியைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கெந்திங் ஏற்றத்தின் வளைவுகளில் இது முதலில் தெரியும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும். கூடுதலாக ஊற்றியதால் வந்த சத்தத்துக்கு, வடித்து அளவைச் சரிசெய்வதைத் தவிர வேறு வைத்தியம் தேவையில்லை.

## அமைக்கும் முறை

அளவை உங்கள் எஞ்சினின் மேனுவலில் பாருங்கள். இந்த வகை எஞ்சின்களில் இடைவெளி தீர்ந்த இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை கொடுப்பது வழக்கம். நான் முக்கால் சுற்று வைக்கிறேன். அங்குலத்துக்கு 24 புரி உள்ள தண்டில் ஒரு முழுச் சுற்று 1.06 மி.மீ. இறக்கும் என்பதை நினைவில் வைத்தால், இன்னொரு சுற்றை ‘பாதுகாப்புக்காக’ கொடுக்கக் கை வராது.

*எஞ்சின் ஓடும்போது:* நன்றாகச் சூடான எஞ்சினில், ஒரு நட்டைச் சத்தம் வரும் வரை தளர்த்துங்கள். பிறகு மெல்ல இறுக்கிச் சத்தம் சரியாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து கால் சுற்று இறுக்கி, பத்து நொடி பொறுங்கள். எஞ்சின் ஒரு கணம் தடுமாறி, லிஃப்டருக்குள் இருக்கும் மிகுதி ஆயில் வடிந்ததும் மறுபடியும் சீராகும். அந்தச் சீரான ஒலி திரும்பிய பிறகே அடுத்த கால் சுற்று. இப்படி மூன்று முறை செய்தால் முக்கால் சுற்று முடிந்தது. அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறுக்கினால் வால்வு மூடாமல் நிற்கும்.

*எஞ்சின் நிற்கும்போது:* தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். காயில் வயரைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் எஞ்சின் சுற்றும் திசையில் திருப்புங்கள். ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதன் இன்டேக்கை அமையுங்கள்; இன்டேக் முழுதாகத் திறந்து கிட்டத்தட்ட மூடி வரும்போது எக்ஸாஸ்டை அமையுங்கள். சிவப்பு ஹோல்டனில் தீப்பற்றும் வரிசையான 1-5-3-6-2-4 என்ற ஒழுங்கில் போனால் குறைவாகத் திருப்பினால் போதும்.

இடைவெளி தீர்ந்த இடத்தை உணர்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். புஷ்ராடை விரலால் சுழற்றி, சுழலாமல் பிடிக்கும் இடம் வரை இறுக்கச் சொல்வார்கள். ஆயில் வடிந்த லிஃப்டரில் பிளஞ்சர் இறங்கிக்கொண்டே இருந்தாலும் ராடு சுழலும். கை உணர்வதற்குள் அரைச் சுற்று கடந்திருக்கும். செந்தூலில் என்னைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கிய பெரியவர், “தம்பி, ராட சுத்தாத, மேலயும் கீழயும் ஆட்டிப் பாரு,” என்றார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ராடைப் பிடித்து ஆட்டும்போது மெல்லிய ‘டிக்’ தெரியும். நட்டை இறுக்க இறுக்க அது சிறுத்து, ஓரிடத்தில் மறையும். மறைந்த இடந்தான் தொடக்கம். அங்கிருந்து நட்டின் ஒரு முகத்தில் வெள்ளை மையால் கோடு போட்டு, முக்கால் சுற்று திருப்புங்கள்.

பன்னிரண்டையும் முடித்த பிறகு அரை மணி நேரம் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

## அறிகுறி: அமைத்த பிறகு ஐடில் தடுமாறுகிறது, அல்லது ஸ்டார்ட்டே ஆகவில்லை

இறுக்கம் கூடிவிட்டது. உடனே கார்புரேட்டரைத் தொடாதீர்கள். எல்லா நட்டையும் தளர்த்தி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து அமையுங்கள். அதன் பிறகும் ஒரு சிலிண்டர் பலவீனமாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்து, பிளக் துளையில் சிறிது ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் வால்வு கருகியிருக்கக்கூடும். ஹெட்டைக் கழற்றி வால்வு இருக்கையைக் கடைய வேண்டிய வேலை அது. இயந்திரப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

## அறிகுறி: சரியாக அமைத்தும் சில நூறு கிலோமீட்டரில் சத்தம் திரும்புகிறது

கேம்ஷாஃப்டின் முனை தேய்ந்துகொண்டிருக்கிறது. டயல் கேஜை ஒவ்வொரு புஷ்ராடின் மேலும் நிறுத்தி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, எவ்வளவு தூக்குகிறது என்று எழுதுங்கள். இன்டேக்குகளை இன்டேக்குகளோடும் எக்ஸாஸ்டுகளை எக்ஸாஸ்டுகளோடும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தால் மினுங்கும் தூளும் இருக்கும்.

இதற்கு ஆயிலும் ஒரு காரணம். தட்டையான லிஃப்டர்களுக்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த காப்பு தேவை. புதிய பெட்ரோல் கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 800 பங்கு) மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். விலை உயர்ந்த புதிய ஆயில் பழைய எஞ்சினுக்கும் நல்லது என்று நம்பி ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேம் போய்விட்டது என்று உறுதியானால் நீங்களே செய்ய வேண்டாம். சான் சோ லின் சாலைப் பக்கம் பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். போகும்போது டயல் கேஜில் எடுத்த எண்களையும், சூட்டில் எடுத்த ஆயில் அழுத்தத்தையும், அறுத்த ஃபில்டரையும் கொண்டுபோங்கள். சத்தத்தை வாயால் விவரிப்பதைவிட அவை விரைவாகப் பேசி முடிக்க உதவும். கேம்ஷாஃப்டை மாற்றினால் பன்னிரண்டு லிஃப்டரும் புதிதாக வர வேண்டும், பழையதில் ஒன்றைக்கூட ஏற்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல், உடனே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை உயர்த்தி 20 நிமிடம் ஓட்டுவார்களா என்றும் கேளுங்கள். முடிந்தால் அந்த 20 நிமிடமும் காரின் பக்கத்திலேயே நில்லுங்கள். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, காரை வீட்டுக்கு ஓட்டி வரலாம்.